அஜக்ஸில் ஒரு முழுவியளம்

தவமலரின்ர முகத்துக்கு ஸ்காபரோவில அந்த நாளில நல்ல கிராக்கி. அழகுக்கு இல்லை, அதை முதலே சொல்லிப்போடுறன், அவ கோவிச்சாலும் பரவாயில்லை. முழுவியளத்துக்கு. ஒரு காரியத்துக்கெண்டு வீட்டை விட்டு வெளிக்கிடேக்க முதல் ஆர் எதிர்ப்படுகினமோ, காரியம் சரிவாறதும் பிழைக்கிறதும் அவையின்ர முகத்திலதான் இருக்கெண்டு எங்கட சனத்துக்கு ஒரு எண்ணம். அதுக்குப் பேர்தான் முழுவியளம். பிளேன் ஏறி, கனடாப் பனிக்குள்ள வந்து, பதினெட்டாம் மாடியில குடியிருந்தாலும் உந்த எண்ணம் மட்டும் கசங்காமல் கூடவே வந்திட்டுது.

தொடங்கினது யோசப்பாலதான். வெக்ஸ்போர்ட்டில தவமலர் இருந்த அதே கட்டடத்தில எட்டாம் மாடிக்காரன். அவனுக்கு அகதி வழக்கு. விடிய கோட்டும் சூட்டுமா எலிவேற்றரில இறங்கி வாறான், கதவு திறக்குது, முன்னால தவமலர் நிக்கிறா. நெத்தியில பெரிய குங்குமப் பொட்டு, கையில கடையில வாங்கின பால் பை. சுமங்கலிப் பொம்பிளை, அதுவும் பாலோட. இதுக்கு மேல என்ன வேணும்? வழக்குச் சரிவந்திட்டுது. யோசப் வேதக்காரன், அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினவன். அதையும் மறந்துபோய், "எல்லாம் மலரக்கான்ர முழுவியளம்" எண்டு கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சான்.

பிறகு கேக்க வேணுமே. வேலை இன்ரவியூவுக்குப் போறவை, குடியுரிமைச் சோதினைக்குப் போறவை, பொம்பிளை பாக்கப் போறவை எல்லாருக்கும் தவமலர் எலிவேற்றருக்கு முன்னால நிக்கவேண்டிவந்தது. சரிவந்ததுகள் எல்லாம் அவவின்ர முகத்தால. சரிவராததுகளுக்கு வேற காரணம் கண்டுபிடிச்சிச்சினம். பேர் பரவப் பரவ மற்றக் கட்டடக்காரரும் கார் கொண்டுவந்து ஏத்திக்கொண்டு போச்சினம்.

இதிலதான் ஒரு அநியாயம். ஆக்களுக்கு முகம் தேவைப்படேக்க கார் வாசலுக்கு வரும். தவமலருக்குக் கார் தேவைப்படேக்க, பாருங்கோ, ஒருத்தனுக்கு ரயர் காத்துப் போயிருக்கும், மற்றவனுக்கு மாமி வந்திருப்பா. இந்த ஊரில கார் இல்லாட்டில் சீவியமில்லை. கடை ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம், கலியாண மண்டபம் எண்டால் பஸ்சே தலைகாட்டாத ஏதோ ஒரு தொழிற்சாலைக்குப் பக்கத்தில. ஒருக்காச் சொந்தத் தங்கச்சியின்ர மகளின்ர கலியாணத்தில பந்தியில இருந்து, பருப்புக் கறி இலையில விழுற நேரம், "அக்கா, எழும்புங்கோ, எனக்குத் தலையிடிக்குது" எண்டு லிப்ற் குடுத்தவ வந்து நிண்டா. எழும்பித்தான் போனா. வேற என்ன செய்யிறது? வழி முழுக்க அந்தப் பருப்புக்கறியை நினைச்சு நினைச்சு வந்தவ, வீட்டை வந்து சப்பாத்தைக் கழட்ட முதல் புருசனை எழுப்பி, "நான் கார் பழகப்போறன்" எண்டா.

புருசன் அருள்நாயகம் இரவு வேலைக்காரர், பகல் முழுக்க நித்திரை. அவருக்குக் கார் ஓடுறதிலயும் விருப்பமில்லை, கதைக்கிறதிலயும் விருப்பமில்லை. "நீ லைசென்ஸ் எடுத்தால் நான் கார் எடுத்துத் தாறன்" எண்டு சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார். மனுசன் சொன்னால் சொன்னதுதான்.

தவமலர் சீமோன் மாஸ்ரரிட்ட கார் பழகினா. தொண்ணூற்று மூண்டாம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு றோட் ரெஸ்ற். பழகிறதுக்குத் தந்த பேப்பர் அடுத்த மாதம் காலாவதி. இந்தத் திகதியை விட்டால் அடுத்தது வெய்யில் காலத்திலதான் கிடைக்கும், அதுக்கிடையில பேப்பர் செத்துப்போகும், திரும்பவும் எழுத்துச் சோதினையில இருந்து முழுக்கத் தொடங்கவேணும். ஆகையால அந்த வியாழக்கிழமையை அவ நெஞ்சுக்குள்ள பொத்தி வைச்சிருந்தா.

அந்த வியாழக்கிழமைதான் முந்தி அதே கட்டடத்தில இருந்த மகேஸ்வரனுக்கும் சோதினை. அவருக்கு வீடு விக்கிற லைசென்ஸ் எடுக்கிற சோதினை. ஸ்காபரோவில வீட்டு விலை கட்டாதெண்டு மனிசி இராஜேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு நகருக்கு வெளிய அஜக்ஸில வீடு வாங்கிப் போனவர். அங்கதான் சிக்கல். அப்பார்ட்மென்றில எண்டால் எலிவேற்றர் திறக்க ஆரோ ஒருத்தர் நிப்பினம். அஜக்ஸில வீட்டுக்குள்ளயே காரில ஏறி, பட்டனை அமத்த கராஜ் கதவு தானாத் திறந்து, கார் பின்பக்கமா வெளியில வரும். முகமும் இல்லை, முழுவியளமும் இல்லை. முதல் தரம் சோதினைக்கு வெளிக்கிட்டவருக்குப் பின்கண்ணாடியில பட்டது குப்பைவாளி. பெயில். இரண்டாம் தரம் இராஜேஸ்வரியை முன்னுக்கு நிக்கவிட்டுப் போனவர். அதுவும் பெயில். அதைப்பற்றி அந்த வீட்டில கதைக்கிறேல்லை.

"அக்கா, நீங்கள்தான் ஒருக்கா வரவேணும்" எண்டு ஃபோன் எடுத்தார்.

"எனக்கு ஒரு மணிக்கு ரெஸ்ற் தம்பி. சீமோன் மாஸ்ரர் பதினொண்டரைக்கு வீட்டை வருவார்."

"என்னக்கா கதை இது? நான் விடியவே வந்து ஏத்துறன். முழுவியளம் முடிஞ்ச கையோட மூலையில நிப்பாட்டி உங்களை ஏத்திக்கொண்டு வந்து வெக்ஸ்போர்ட்டில இறக்கிப்போட்டுத்தான் சோதினைக்குப் போவன். போற வழிதானே."

தவமலருக்கு மாட்டன் எண்டு சொல்ல வாய் வரேல்லை. அதுதான் அவவின்ர வியாதி.

வியாழக்கிழமை விடிய மகேஸ்வரன் கட்டடத்துக்குக் கீழ காரோட நிண்டார். தவமலர் முன்சீற்றில ஏறப்போக, "ஐயோ அக்கா, பின்னுக்கு ஏறுங்கோ" எண்டு சொல்லிக்கொண்டு மற்றப் பக்கம் பாத்தார். பிறகு ஒரு சால்வையைப் பின்னால நீட்டினார். "முகத்தை ஒருக்கா மூடிக்கொள்ளுங்கோ. இப்பவே பாத்தால் அங்க போகேக்க பலன் குறைஞ்சிடும்." தவமலர் நெடுஞ்சாலை முழுக்கச் சால்வையால மூடிக்கொண்டு போனா. பக்கத்தில ஓடின லொறிக்காரன் எட்டி எட்டிப் பாத்தானாம், மகேஸ்வரன் சொல்லித்தான் அவவுக்கே தெரியும்.

அவர் எல்லாம் யோசிச்சு வைச்சிருந்தார். வீட்டை போய்ச் சேர்ந்ததும், முகம் முன்னுக்குப் படவேணுமெண்டு காரைப் பின்பக்கமாவே கராஜுக்குள்ள விட்டார். தவமலருக்கு ஒரு பால் பையை எடுத்துக் குடுத்து, தெரு வளைவில நிக்கச் சொன்னார். குளிர் கோட்டுக்குள்ள சீலை தெரியாதெண்டு கோட்டுப் பொத்தானையும் கழட்டச் சொன்னார். மார்ச் மாதக் காத்து அவவின்ர வயித்துக்குள்ள புகுந்து விளையாடினது. கைப்பை கையில இருந்தால் முழுவியளத்துக்கு வடிவில்லையெண்டு இராஜேஸ்வரி அதை வாங்கிக் காருக்குள்ள வைச்சா. விடியத் தொடக்கம் தொட்டுத் தொட்டுப் பாத்ததால பழகிற பேப்பர் மட்டும் கோட்டுப் பொக்கற்றில இருந்தது. ஏதோ கடவுள் செயல்.

கராஜ் திறந்தது. கார் மெதுவா வெளிய வந்தது. தவமலர் பால் பையை நெஞ்சுக்கு நேர பிடிச்சுக்கொண்டு, பல்லுக் கிடுகிடுக்கச் சிரிச்ச முகமா எதிர நடந்தா. மகேஸ்வரன் கண்ணை விரிச்சு அவவை வடிவாப் பாத்தார். பக்கத்தில இருந்த இராஜேஸ்வரி கும்பிட்டா. கார் அவவைத் தாண்டிப் போய் மூலையில நிக்கிறமாதிரிப் பின்னால சிவப்பு லைற் பத்தினது. தவமலர் திரும்பி ஓடினா. லைற் அணைஞ்சுது. கார் போயிட்டுது.

காருக்குள்ள நடந்தது இதுதான், அவவுக்குப் பிறகுதான் தெரியவந்தது. மகேஸ்வரன் பிறேக்கை அமத்த, இராஜேஸ்வரி அவற்ற கையைப் பிடிச்சிட்டா. "முழுவியளத்தைக் கடந்தாப்பிறகு நிக்கப்படாது. திரும்பியும் பாக்கப்படாது. எல்லாம் போயிடும்." மனுசன் ஒரு விநாடி யோசிச்சார். மூண்டாம் தரமும் பெயிலாகிறதோ, அக்காவை விட்டிட்டுப் போறதோ. அக்காவை விட்டிட்டுப் போனார்.

கராஜ் கதவு பூட்டி. வீடு பூட்டி. கைப்பை காருக்குள்ள. தவமலர் நடுறோட்டில பாலோட நிண்டா.

முதல் கொஞ்ச நேரம் திரும்பி வருவினமெண்டு நிண்டு பாத்தா. பிறகு கோவம் வந்தது. "நாசமாப் போவார்" எண்டு வாய் வரை வந்ததை, முழுவியளத்துக்கு வந்த இடத்தில சொல்லப்படாதெண்டு விழுங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினா. பெரிய றோட்டுக்குப் போனால் பஸ் இருக்குமெண்டு ஒரு நம்பிக்கை.

அஜக்ஸில புதுசாக் கட்டின வீட்டுத் தெருவுகளை நடக்கிற சனத்துக்கெண்டு கீறேல்லை. ஒரு தெரு வளைஞ்சு வளைஞ்சு போய்த் தன்ர வாலையே கவ்விக்கொண்டு நிக்கும். இன்னொண்டு ஒரு வட்டத்தில முடிஞ்சு, "இஞ்ச என்ன சோலி?" எண்டு கேக்கிறமாதிரி ஏழு கராஜ் கதவைக் காட்டும். எல்லா வீடும் ஒரே அச்சு. நல்லா நடந்து களைச்சு, "அப்பாடா, புது றோட்" எண்டு நிமிர்ந்து பாத்தால் மகேஸ்வரன்ர குப்பைவாளி.

மனுசர் ஒருத்தரையும் காணேல்லை. கராஜ் திறக்கும், கார் வரும், கராஜ் மூடும். தவமலர் கையைக் காட்டினா. கார்க்காரர் சிரிச்சுக்கொண்டு திருப்பிக் கை காட்டிப்போட்டுப் போச்சினம். நல்ல சனம், குறை சொல்லேலாது. சீலையும் பொட்டும் பாலுமா ஒரு பொம்பிளை ஒவ்வொரு காருக்கும் முன்னால வந்தால், அண்டைக்கு அந்தத் தெருவுக்காரர் எல்லாருக்கும் சம்பளம் கூடியிருக்கும். தவமலருக்குத்தான் கால் விறைச்சது. ஒரு மணியும் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. அழுகை வருமாப்போல இருந்தது, அழவும் ஆள் வேணுமே, அதுவும் இல்லை.

அப்பதான் ஒரு கராஜ் திறந்து, பழைய மண்ணிற ஸ்ரேசன் வாகன் ஒண்டு மூக்கை நீட்டினது. ஓடுறது ஒரு தமிழ்ப் பொம்பிளை. தவமலருக்கு உயிர் வந்தது. அவ கையைத் தூக்க, அந்தப் பொம்பிளை இவவின்ர பொட்டைப் பாத்தா, பாலைப் பாத்தா, பயந்தமாதிரிக் காரை அப்பிடியே பின்னுக்கு எடுத்து உள்ளுக்குக் கொண்டுபோனா. கராஜ் கதவும் இறங்கிச்சுது.

தவமலருக்கு ஒண்டும் விளங்கேல்லை. போய்க் கதவில தட்டினா. கனநேரம் தட்டினாப்பிறகு கதவு ஒரு விரலளவு நீங்கினது.

"நீங்கள் போங்கோ அக்கா, நான் பிறகு வாறன்" எண்டு உள்ளுக்கிருந்து குரல் கேட்டது. "நல்ல காரியத்துக்கு நிக்கிறியள். நான் குறுக்க வரக்கூடாது."

"காரியம் என்னை விட்டிட்டுப் போய் இரண்டு மணித்தியாலமாச்சு. கதவைத் திறவுங்கோ பிள்ளை, விறைச்சுச் சாகப்போறன்."

கதவு திறந்தது. அவவின்ர பேர் அன்ரனெற். மன்னார்ப் பக்கம். புருசன் வின்சன்ற் இரண்டு வருசத்துக்கு முதல் நெஞ்சுவருத்தத்தில செத்துப்போனார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டினம். தவமலரைக் கொண்டுபோய் ஹீற்றருக்குப் பக்கத்தில இருத்தி, அந்த முழுவியளப் பாலிலயே தேத்தண்ணி போட்டுக் குடுத்தா. குடிக்கக் குடிக்கத் தவமலர் நடந்ததைச் சொன்னா. அன்ரனெற் கேட்டுக்கொண்டிருந்திட்டு, "ஓ, அதுக்குத்தானோ?" எண்டா.

"எதுக்கு?"

"நேற்று இராஜேஸ்வரி ஃபோன் எடுத்தவ. விடிய அவர் ஒரு காரியமாப் போறார், நீங்கள் ஒன்பது மணி மட்டும் வெளிய வராமல் இருந்தால் நல்லது, குறை நினைக்காதேங்கோ எண்டா. நான் கைம்பெண்தானே. பத்தரைக்கு வேலைக்கு வெளிக்கிட்டன், வெளிய பாத்தால் நீங்கள் பொட்டும் பாலுமா நிக்கிறியள். சரி, இன்னும் முடியேல்லையாக்கும் எண்டு திரும்ப உள்ளுக்குப் போனன்."

"நீங்கள் வேதக்காரர்தானே, உங்களுக்கென்ன முழுவியளம்?"

"நான் பாக்கிறேல்லை அக்கா. என்னைத்தான் பாக்கினம். எங்கட கோயில் ஆக்களும்தான்." அன்ரனெற் சிரிச்சா. "மத்தபடி நல்லாத்தான் கதைப்பினம். பிள்ளையளின்ர பிறந்தநாளுக்குக் கேக் கேட்டு வருவினம், செய்து குடுப்பன். காரியத்துக்குப் போகேக்க மட்டும் ஃபோன் வரும்."

தவமலர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைச்சா. வெக்கமாப் போச்சு. இவ்வளவு நாளும் ஆக்கள் "உங்கட முகம் ராசி" எண்டு சொல்ல, உள்ளுக்குள்ள குளிர்ந்துகொண்டுதான் நிண்டவ. தன்னை எலிவேற்றருக்கு முன்னால நிக்கவைச்ச அதே சனம், இன்னொருத்தியைக் கராஜுக்குள்ள பூட்டிவைச்சதை அவ ஒருநாளும் யோசிச்சுப் பாக்கேல்லை. "எனக்குச் செருப்பால அடிக்கவேணும்" எண்டு வாய்விட்டே சொன்னா.

"அதைப் பிறகு பாப்பம். ரெஸ்ற் எத்தினை மணிக்கு?"

"ஒரு மணிக்கு. உங்களுக்கு வேலை?"

"அது பிந்திப்போச்சு. இனிப் போனாலும் பேச்சு, போகாட்டிலும் பேச்சு. வாங்கோ, ஏறுங்கோ."

அன்ரனெற் கார் ஓடின ஓட்டத்தைப் பாக்கவேணும். முதல்ல சீமோன் மாஸ்ரரைப் பிடிப்பமெண்டு வெக்ஸ்போர்ட்டுக்குத்தான் பறந்திச்சினம். நெடுஞ்சாலையில முன்னால போன லொறியெல்லாம் ஒதுங்கினது. கட்டடத்துக்குக் கீழ போய்ப் பாத்தால் மாஸ்ரரைக் காணேல்லை. அன்ரனெற் தந்த சில்லறையைப் போட்டு மாஸ்ரர் வீட்டுக்கு ஃபோன் அடிச்சால், மாஸ்ரரின்ர மனிசி சொல்லுறா: "அவர் வந்து கீழ நிண்டு மணியடிச்சு அடிச்சுப் பாத்தவராம். ஒருத்தரும் திறக்கேல்லையாம். வேற ஆளை ஏத்திக்கொண்டு போயிட்டார்." அருள்நாயகம் நித்திரையெண்டால் இடி விழுந்தாலும் எழும்பார்.

"இனி என்ன, முடிஞ்சுது" எண்டு தவமலர் ஃபோனை வைச்சா. கண்ணுக்குள்ள தண்ணி முட்டினது.

"இதில கொண்டு போய் ஓடுங்கோவன்" எண்டு அன்ரனெற் ஸ்ரேசன் வாகனைக் காட்டினா.

தவமலர் பாத்தா. கப்பல். அவ பழகினது சின்னச் சிவப்புக் கார், மாஸ்ரரின்ர பக்கத்திலயும் ஒரு பிறேக். இதுக்குப் பின்னுக்குப் பாத்தால் பின்கண்ணாடி அடுத்த ஊரில தெரியிற மாதிரி இருந்தது.

"இதை நான் எப்பிடிப் பார்க் பண்ணுறது?"

"வின்சன்ற் எனக்குப் பழக்கினது இதிலதான். சின்னதெண்டு நினைச்சு ஓடுங்கோ, அது நம்பிடும்."

ரெஸ்ற் நிலையத்துக்குப் போய்ச் சேர மட்டுமட்டா நேரம். சோதினைகாரன் நெடுத்த வெள்ளைக்காரன், சிரிப்புக்கும் அவனுக்கும் கனகாலப் பகை. பலகையும் பேனையுமா வந்து தவமலருக்குப் பக்கத்தில இருந்து, பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, "போகலாம்" எண்டான். தவமலர் நிமிர்ந்து பாத்தா. முன்னால நிண்ட அன்ரனெற் முந்தானையைப் பிடிச்ச ஆள் மாதிரிக் கோட்டை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு, கட்டடத்துக்குப் பின்னால விறுவிறெண்டு ஓடினா.

தவமலர் கண்ணாடியை இறக்கினா. "அன்ரனெற், எங்க ஓடுறியள்?"

"நீங்கள் போங்கோ அக்கா. நான் மறைவா நிக்கிறன்."

"முன்னுக்கு வாங்கோ."

"விசர்க்கதை கதையாதேங்கோ. இண்டைக்கு விட்டால் உங்களுக்குப் பேப்பர் முடியுது."

உண்மையைச் சொல்லவேணும், தவமலருக்கும் பயம்தான். நாப்பது வருசத்துப் பயம் ஒரு தேத்தண்ணியில போகுமே? ஒரு சத்தமும் போடாமல் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், அன்ரனெற்றும் குறை நினைச்சிருக்கமாட்டா. ஆனால் அந்த ஓட்டத்தைப் பாத்தாப்பிறகு அவவால அக்சிலறேற்றரில காலை வைக்க ஏலேல்லை.

"நீங்கள் வந்து முன்னால நிண்டால்தான் நான் கார் எடுப்பன்."

சோதினைகாரன் என்ன பிரச்சினையெண்டு கேட்டான். தவமலர் தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில, அந்தப் பொம்பிளை காருக்கு முன்னால வரவேணும், பிறகுதான் நான் ஓடுவன் எண்டு சொன்னா. அவன் அன்ரனெற்றைப் பாத்தான், காரைப் பாத்தான், பெல்ற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு பலகையில என்னவோ எழுதினான். அன்ரனெற் வேற வழியில்லாமல் வந்து காருக்கு முன்னால நிண்டு, குனிஞ்ச தலை நிமிராமல் நிண்டா. "நிமிர்ந்து பாருங்கோ" எண்டா தவமலர். அன்ரனெற் நிமிர்ந்து பாத்தா. தவமலர் அந்த முகத்தை வடிவாப் பாத்துப்போட்டு, சிக்னலைப் போட்டுக் காரை எடுத்தா.

கேளுங்கோவன், அப்பிடி ஓடினா. லெஃப்ற் சரி, றைற் சரி. இரண்டு காருக்கு நடுவில அந்தக் கப்பலைக் கொண்டுபோய்ப் பின்பக்கமா விட்டா, ஏதோ கதிரையில இருக்கிறமாதிரிப் போய் இருந்தது. சோதினைகாரன்ர பேனையே கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. இனித் திரும்பிப் போய் இறங்கிறதுதான் மிச்சம்.

அப்பதான் றோட்டோரத்தில ஒரு மனுசன் நிண்டான். இரண்டு கையிலயும் கடைப் பை. காத்துக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு, போற காரையெல்லாம் பாத்துக்கொண்டு நிண்டான். தவமலரின்ர கால் தானாவே பிறேக்குக்குப் போட்டுது. நடுறோட்டில காரை நிப்பாட்டி, "கடந்து போங்கோ" எண்டு கையைக் காட்டினா.

அவன் இல்லையெண்டு தலையாட்டினான். பஸ்சுக்கு நிக்கிறவன்.

வெக்கப்படுறான் போல எண்டு தவமலர் இன்னும் வடிவாக் கையைக் காட்டினா. பின்னால ஹோர்ண் அடிக்கத் தொடங்கினது. சோதினைகாரன் "போங்கோ" எண்டான். "பொறுங்கோ, பாவம்" எண்டு தவமலர் அவனுக்குத் தமிழில சொன்னா. ஹோர்ண் சத்தம் கூடக்கூட, தன்னாலதான் இவ்வளவு பேரும் நிக்கினமெண்டு அந்த மனுசனுக்கு அந்தரமாப் போச்சு. தலையைக் குனிஞ்சுகொண்டு றோட்டைக் கடந்து அங்கால போனான். அந்த நேரம் பார்த்து அவன் நிண்ட பக்கத்தில பஸ் வந்தது. அவன் பையையும் தூக்கிக்கொண்டு திரும்ப இஞ்சால ஓடிவந்தான். தவமலர் அதுக்கும் காரை எடுக்காமல் நிண்டு, அவன் பஸ்சில ஏறினாப்பிறகுதான் எடுத்தா.

பெயில். போக்குவரத்துக்கு இடைஞ்சலெண்டு எழுதிக் குடுத்தான்.

அன்ரனெற் பேப்பரை வாங்கிப் பாத்திட்டு, "நான் சொன்னனான்தானே அக்கா" எண்டா. அவவின்ர குரல் உடைஞ்சுபோச்சு. "நான் முன்னால வந்திருக்கக்கூடாது."

தவமலருக்கும் அழுகைதான் வந்தது. திரும்பவும் எழுத்துச் சோதினை, திரும்பவும் லிப்ற், திரும்பவும் பாதிச் சாப்பாட்டில எழும்பிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னா: "உங்கட முகம் ஒண்டும் செய்யேல்லை. ஒரு மனுசன் குளிருக்குள்ள றோட்டோரம் நிண்டான், என்னால விட்டிட்டுப் போகேலாமல் போச்சு. மகேஸ்வரன் எண்டால் இந்த ரெஸ்ற் பாஸ்." பிறகு அந்த மனுசன் பையோட அங்கால ஓடி இஞ்சால ஓடினதை நடிச்சுக் காட்டினா. அன்ரனெற் சிரிக்கமாட்டன் எண்டு பல்லைக் கடிச்சுப் பாத்தா, முடியேல்லை. இரண்டு பேரும் கார்ப் பார்க்கிங்கில நிண்டு வயிறு நோகச் சிரிச்சிச்சினம்.

பின்னேரம் ஃபோன் அடிச்சது. இராஜேஸ்வரி.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. கடந்தால் நிக்கப்படாதெண்டு பெரியாக்கள் சொல்லுறவை. உங்கட கைப்பை பத்திரமா இருக்கு, ஆரும் அங்கால வந்தால் குடுத்துவிடுறன். இவர் நல்லாச் செய்தவராம்." பிறகு குரலைத் தாழ்த்தினா. "உங்கட ரெஸ்ற் என்ன மாதிரி?"

"பெயில்."

"பெயிலோ? உங்களுக்கோ?" பிறகு தொடங்கினா. "அக்கா, நான் சொல்லுறனெண்டு கோவியாதேங்கோ. நீங்கள் அன்ரனெற்றின்ர காரில போனதை எங்கட பக்கத்து வீட்டுக்காரர் கண்டவை. ஆர் உங்களுக்கு எதிர்ப்பட்டது? அவதானே?"

தவமலர் றிசீவரை இறுக்கிப் பிடிச்சா. ஓமெண்டால் போதும். இரவுச் சாப்பாட்டுக்கு முதல் ஸ்காபரோவில அஜின்கோர்ட் மட்டும் கதை போயிடும், அன்ரனெற் இனிக் கராஜைத் திறக்கவே பயப்படுவா. இல்லையெண்டால் இராஜேஸ்வரி விடமாட்டா, ஒரு ஆள் வேணும் அவவுக்கு, முகமில்லாத பெயில் எண்டு ஒண்டு அவவின்ர உலகத்தில இல்லை. சரி, ஆள்தானே வேணும்.

"அன்ரனெற்றைப் பத்து மணிக்குப் பிறகுதானே கண்டனான்" எண்டா தவமலர் ஆறுதலா. "உங்கட கணக்குப்படி, விடிய நான் வீட்டை விட்டு வெளிக்கிடேக்க முதல் எதிர்ப்பட்ட ஆளைத்தானே பாக்கவேணும். அது உங்கட மனிசன், இராஜேஸ்வரி."

அந்தப் பக்கம் றிசீவரைக் கையால பொத்தினமாதிரி ஒரு கரகரப்பு. அதுக்குள்ளால இராஜேஸ்வரி மெல்லமாச் சொன்னது தவமலருக்கு வடிவாக் கேட்டது.

"இஞ்சருங்கோ, நாளைக்கு நான் வேலைக்கு வெளிக்கிட்டுப் போகுமட்டும் நீங்கள் அறையை விட்டு வெளிய வரவேண்டாம்."